சித்திரையில் அளந்த நீர்மட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த மண் பரிசோதனை அறிக்கை ஒன்றில் "நிலத்தடி நீர்மட்டம்: தரையிலிருந்து 5.0 மீட்டர்" என்று ஒரு வரி இருக்கிறது. அளவில் பிழையில்லை. நாடா பிடித்து அளந்தவனும் நான்தான். ஆனால் அளந்தது சித்திரை மாதத்தில், காலிங்கராயன் வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவில் உள்ள ஒரு தோட்டத்தில், பராமரிப்புக்காக வாய்க்காலை அடைத்துப் பல நாட்கள் ஆகியிருந்த வேளையில். அந்த ஒரு வரியை நம்பி அடுத்த நான்கு பக்கங்களுக்குக் கணக்குப் போட்டிருந்தேன். நிலநடுக்கத்தின்போது மண் திரவமாகும் வாய்ப்பைப் பற்றிக் கொங்கு நாட்டில் எழுதும்போது எதை முதலில் கேட்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என்னுடைய அந்த அறிக்கைதான்.

மண் திரவமாதல் என்றால் என்ன என்பதை எங்கள் பக்கத்தவருக்கு விளக்க வள்ளம் போதும். கம்பையோ சோளத்தையோ வள்ளத்தில் கொட்டி அளக்கிறவர் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் தானியம் இறங்கிவிடும். தளர்வாகக் கிடந்த மணிகள் அதிர்வில் நெருங்கி அமர்கின்றன. அதனால்தான் வாங்குகிறவர் தட்டி அளக்கச் சொல்வதும், விற்கிறவர் தட்டாமல் தலை வழிப்பதும். தளர்வான மணலும் அதிர்ந்தால் இப்படித்தான் இறங்கப் பார்க்கும். ஆனால் மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் தண்ணீர் நிரம்பியிருந்தால், தண்ணீர் வெளியேறாமல் மணிகள் நெருங்க முடியாது; நிலநடுக்கத்தின் சில பத்து நொடிகளுக்குள் அந்தத் தண்ணீர் வெளியேற வழியும் இல்லை. மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியிருந்த எடை ஒவ்வோர் அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரின் மேல் மாறுகிறது, தண்ணீரின் அழுத்தம் ஏறுகிறது, முழு எடையையும் தண்ணீரே தாங்கும் நிலை வந்த கணத்தில் மணிகளுக்கிடையே பிடிப்பு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அதன்பின் அந்த மண், மண்ணாக அல்லாமல் கனமான ஒரு குழம்பாக நடந்துகொள்கிறது. கட்டடம் சாய்கிறது அல்லது புதைகிறது. புதைத்து வைத்த காலித் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் மிதந்து மேலே வருகின்றன. ஆற்றங்கரை நிலம் ஆற்றை நோக்கி நகர்கிறது. ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி ஆற்றோரம் ஈர மணலில் நின்று பாதத்தைக் குறுகுறுவென்று அசைத்தால், அதுவரை கெட்டியாக இருந்த இடம் களிபோல் இளகிக் கணுக்கால்வரை உள்வாங்குமே, சிறு வயதில் நாங்கள் விளையாட்டாகச் செய்தது அதே காரியத்தின் சிறு வடிவம்தான்.

பொறியாளர்கள் இதை முறையாகக் கணக்கிடத் தொடங்கியது 1964-க்குப் பிறகு. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் அலாஸ்காவிலும் ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டாவிலும் நிலம் குலுங்கியது. நீகாட்டாவின் கவாகிஷிச்சோ குடியிருப்பில் நான்கு மாடிக் கான்கிரீட் கட்டடங்கள், பெரிய உடைசல் ஏதுமின்றி, கழற்றிச் சாய்த்து வைத்தவை போல் சாய்ந்து கிடந்தன. கட்டடத்தில் பழுதில்லை, நின்ற மண்தான் கைவிட்டது. நம் நாட்டில் அதற்கு முன்பே, 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், சுமார் 300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை முழுவதும் வயல்களில் மணலும் தண்ணீரும் ஊற்றாகப் பீறிட்டு, கட்டடங்கள் சரிந்து அமிழ்ந்தன. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில் காண்ட்லா துறைமுகத்தின் அலுவலகக் கோபுரம் சாய்ந்தது. கட்ச் பகுதியின் சிறு மண் அணைகள் பல, அடித்தளத்து வண்டல் இளகியதால் விரிசல் கண்டன. மாடிக் கட்டடத்துக்குத்தான் இந்த ஆபத்து என்பதும் சரியல்ல. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010, 2011 ஆண்டுகளின் நிலநடுக்கங்களுக்குப் பிறகு, இனி இங்கே குடியிருக்க வேண்டாம் என்று அரசு ஒதுக்கிய சுமார் 8,000 மனைகளில் பெரும்பாலானவை தனி வீடுகள்.

எனினும் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது பாலு என்ற ஊர். 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் 7.5 அளவுள்ள நிலநடுக்கம் வந்தபோது, பாலு பள்ளத்தாக்கில் பெட்டோபோ, ஜோனோ ஓகே ஆகிய இடங்களில் வீடுகளோடும் மரங்களோடும் நிலம் நூற்றுக்கணக்கான மீட்டர் வழுக்கிச் சென்றது. இத்தனைக்கும் அந்த நிலத்தின் சரிவு சில பாகைகள்தாம். நின்று பார்த்தால் சமதரை என்றே சொல்வோம். பிறகு ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டியது, அப்பகுதிக்கு மேல்புறமாக ஓடும் கும்பாசா பாசன வாய்க்காலை. வாய்க்காலிலிருந்தும் அது பாய்ச்சிய நெல் வயல்களிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் கசிந்த நீர், இயல்பில் வறண்டு கிடக்க வேண்டிய வண்டலில் நீர்மட்டத்தை மேலேற்றி வைத்திருந்தது. வாய்க்கால், அதன் கீழே வயல், வயலுக்குக் கீழே மணல், அப்புறம் ஆறு. இந்த வரிசையைப் படித்தபோது எனக்கு பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம் வரை காவிரியை ஒட்டியே 56 மைல் ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? பாலுவின் நிலநடுக்கம் நமக்கு வராது, அந்த அளவுக்கான பெரும் பிளவு இங்கே இல்லை; ஆனால் நீர்மட்டத்தை வாய்க்கால் தீர்மானிக்கும் கதை இரண்டு இடத்திலும் ஒன்றே.

கோயம்புத்தூர்க்காரர்களிடம் நிலநடுக்கம் என்று பேச்செடுத்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் தேதி 1900 பிப்ரவரி 8. அன்று பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் ஏற்பட்ட, ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் கோயம்புத்தூரைக் குலுக்கியதோடு தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 1893-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு கோயம்புத்தூரையும் சேலத்தையும் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்து, எதிர்பார்க்கும் குலுக்கலைக் குறிக்கும் மண்டலக் காரணியாக 0.16 தருகிறது, இடைப்பட்ட ஈரோட்டுப் பக்கத்துக்கும் நான் அதையே எடுத்துக்கொள்கிறேன். தினமும் அஞ்ச வேண்டிய எண்ணல்ல அது, ஆனால் பூஜ்யமுமல்ல.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொங்கு நாட்டின் பெரும்பகுதிக்கு இந்தக் கேள்வி முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது. பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கமெல்லாம் இரண்டு மூன்று மீட்டர் செம்மண்ணுக்குக் கீழே சரளையும் சுக்காங்கல்லும், அதன் கீழே சிதைந்த பாறையும் வந்துவிடும். கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் வெடி வைத்த கதைதான் சொல்வார்கள். கோவையைச் சுற்றியுள்ள கரிசலில் களிமண்ணின் ஒட்டும் தன்மை அதிகம் என்பதால் அதுவும் திரவமாகாது. மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கி வீட்டுச் சுவரைப் பிளப்பது அதன் தனிக் கைவரிசை, அது வேறு கட்டுரை. ஆக, இத்தகைய மனைகளுக்கு மண் திரவமாதல் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிப் பணம் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு பத்தி போதும்.

மிச்சமிருக்கும் இடங்களில்தான் நிதானம் வேண்டும். காவிரி, பவானி, அமராவதி ஆறுகளின் கரையோரத்தில், பழைய வளைவுகளில் ஆறு விட்டுச் சென்ற மணல் திட்டுகள் ஒன்று. மனிதர்கள் நிரப்பிய நிலம் மற்றொன்று, என் அனுபவத்தில் இதுதான் யாரும் கேட்காமல் விடுவது. நீர் வற்றி, தோட்டம் மனையாகிற நாளில், 60 அடி 80 அடி ஆழமுள்ள கிணறுகளைக் கையில் கிடைத்ததைப் போட்டு மூடிவிடுகிறார்கள். கோவைப் பக்கம் அப்படிக் கையில் கிடைக்கிறவற்றில் ஒன்று, வார்ப்படச் சாலைகளில் அச்சுக்குப் பயன்படுத்திக் கழித்த மணல். பெண்டோனைட் என்ற ஒட்டும் களிமண் கலந்த பச்சை மணல் என்றால் ஒரு கணக்கு. ரெசினில் பிணைத்துச் சூட்டில் பிணைப்புப் போன மணல் என்றால் வேறு கணக்கு. பின்னது ஒரே அளவுள்ள மணிகளால் ஆனது, லாரியிலிருந்து சரிந்து விழுந்தபடியே தளர்வாகக் கிடப்பது. அதன்மேல் பருவமழைத் தண்ணீர் நின்றுவிட்டால், பாடநூலில் திரவமாகும் மண்ணுக்குக் கொடுக்கும் அடையாளங்கள் அத்தனையும் சேர்ந்துவிடுகின்றன. அனல்மின் நிலையச் சாம்பலைக் குழம்பாகக் கரைத்துக் கொண்டுபோய்த் தேக்கிய குளங்களும் இதே வகை. கிணறு மூடிய இடம் ஏழெட்டு மீட்டர் விட்டமுள்ள வட்டம்தான். மனையில் நாலு மூலைக்கு நாலு துளை போட்டால் அது நான்கிலும் சிக்காமல் போகலாம். அதனால் துளை இயந்திரத்தை இறக்குவதற்கு முன் அந்தக் காட்டின் பழைய உரிமையாளரையோ அக்கம்பக்கத்துப் பெரியவரையோ தேடிப்போய்க் கிணறு எங்கே இருந்தது என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பழைய நிலஅளவை வரைபடத்திலும் கிணறு குறிக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது, மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் என்-மதிப்பு. முக்காலி நட்டு, துளையின் அடியில் பிளவுக் குழாயை வைத்து, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 45 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவார்கள்; முதல் 15 சென்டிமீட்டருக்கான அடிகளைத் தள்ளிவிட்டு, பின் 30 சென்டிமீட்டருக்கானதை மட்டும் கூட்டினால் என்-மதிப்பு. இந்தச் சோதனைக்கான விதிநூல் ஐ.எஸ். 2131 சொல்வது இவ்வளவுதான். ஆனால் அந்த எண் ஒரு மனிதரின் தோளிலிருந்து வருகிறது. மதியம் இரண்டு மணி வெயிலில் கயிறு இழுக்கிறவர் எடையை 75-க்குப் பதில் 60 சென்டிமீட்டர் தூக்கினால் அடிகளின் எண்ணிக்கை கூடும். தளர்வான மணல் காகிதத்தில் இறுகிய மணலாகிவிடும். வழிகாட்டிக் கம்பியில் 75-இல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டைப் பார்த்தபடி நானே நின்றுகொள்வேன். எதிர்த் திசையிலும் பிழை வரும். துளைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே உள்ள நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்துவிட்டால், அடியிலிருந்து மணல் பொங்கிக் காப்புக் குழாய்க்குள் ஏறிவிடும். துளையிலிருந்து சேற்றை அள்ளும் பெய்லரை வெடுக்கென்று உருவினாலும் அப்படித்தான். பொங்கிய மணலில் அடித்தால் 2, 3 என்று எண் வரும், அது மண்ணின் பலவீனம் அல்ல, நம் அவசரம். ஆகையால் அடிப்பதற்கு முன் கம்பி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து, துளைத்த ஆழத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத எண்ணை அறிக்கையில் சேர்க்கவே கூடாது.

இனி என் தவறுக்கு வருகிறேன். அந்தத் தோட்டத்தில் மேலே ஒரு மீட்டர் வண்டல், அதன் கீழே 7 மீட்டர் வரை நடுத்தர மணல், பிறகு பாறை. 6 மீட்டர் ஆழத்தில் என்-மதிப்பு 8. சீடும் இத்ரிஸ்ஸும் 1971-இல் வகுத்த எளிய முறைதான், சில திருத்தங்களோடு, நம் ஐ.எஸ். 1893 விதிநூலின் பின்னிணைப்பிலும் இருக்கிறது: நிலநடுக்கம் மண்ணின்மேல் ஏற்றும் தகைவு விகிதத்தை ஒரு பக்கமும், மண் தாங்கக்கூடிய விகிதத்தை மறுபக்கமும் வைத்து, பின்னதை முன்னதால் வகுக்க வேண்டும்; வருவது பாதுகாப்புக் காரணி, அது 1-க்குக் கீழே போனால் மண் இளகும். ஏற்றும் விகிதம் என்பது 0.65 பெருக்கல் நிலமுடுக்க விகிதம் (இங்கே மண்டலக் காரணியான 0.16), பெருக்கல் அந்த ஆழத்தில் உள்ள மொத்த எடைக்கும் மணிகள் உண்மையில் தாங்கும் எடைக்கும் உள்ள விகிதம், பெருக்கல் ஆழத்துக்கான ஒரு சிறு குறைப்பு. நீர்மட்டம் வந்து உட்காரும் இடம் அந்த எடை விகிதத்தில்தான்.

நீர் 5 மீட்டரில் என்றால், நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணுக்குக் கன மீட்டருக்கு 18, கீழே 19 கிலோநியூட்டன் என்று கொண்டு, மொத்த எடை சதுர மீட்டருக்கு 109 கிலோநியூட்டன், மணிகள் தாங்குவது சுமார் 99. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஏற்றும் விகிதம் 0.109. என்-மதிப்பு 8 உள்ள தூய மணல் 7.5 அளவு நிலநடுக்கத்தில் தாங்குவது 0.096 வாக்கில், அளவு 6 என்று கொண்டால், குலுங்கும் நேரம் குறைவு என்பதால் அது 0.17 ஆகிறது. சிறு திருத்தங்களை விட்டுவிட்டால் பாதுகாப்புக் காரணி 1.56. "திரவமாகும் வாய்ப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நீரில் மூழ்கிய தளர்வான மணலுக்கு, மூன்றாம் மண்டலத்தில் 5 மீட்டர் ஆழம் வரை என்-மதிப்பு 15 ஆவது, 10 மீட்டருக்குக் கீழே 25 ஆவது இருப்பது விரும்பத்தக்கது என்று அதே விதிநூலில் ஓர் அட்டவணை உண்டு. என் மணலில் 2 மீட்டர்தானே மூழ்கியிருக்கிறது, அதுவும் பாறைக்கு மேல் என்று அதையும் தாண்டிப் போனேன்.

கார்த்திகையில் பக்கத்து ஊரில் வேறு ஒரு வேலை. திரும்பும் வழியில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வாய்க்காலில் தண்ணீர் கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது, மஞ்சள் இடுப்பளவு நின்றது. தோட்டத்துப் பெரியவர் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மூன்று படி இறங்கினால் தண்ணீர். "இப்பவே இப்படித்தானுங்க தம்பி. மழை நல்லாப் பேஞ்ச வருசம்னா குனிஞ்சு கையிலயே மோந்துக்கலாமுங்க. நீங்க சித்திரையில வந்து அளந்தீங்களே, அப்பவே சொல்லோணும்னு இருந்தனுங்க, நீங்க கேக்கலை" என்றார். நான் கேட்கவில்லை என்பது உண்மை.

அன்றிரவே கணக்கைத் திருப்பிப் போட்டேன். நீர் 1.5 மீட்டரில் என்றால் மொத்த எடை 112.5 ஆகக் கொஞ்சம்தான் கூடுகிறது, ஆனால் மணிகள் தாங்குவது 68-க்கு இறங்கிவிடுகிறது. ஏற்றும் விகிதம் 0.109-இலிருந்து 0.163. மணலின் இறுக்கம் மாறவில்லை, ஆகவே தாங்கும் விகிதம் அதே 0.17. காரணி 1.04. நிலநடுக்கத்தின் அளவை 6-க்குப் பதில் 6.5 என்று வைத்தால் 0.85; அதாவது மணல் இளகும். சித்திரையில் 2 மீட்டராக இருந்த மூழ்கிய மணல் இப்போது ஐந்தரை மீட்டர். அதற்கு மேல் ஆறு கூப்பிடு தூரத்தில் வெட்டியது போல் கரையோடு ஓடுகிறது; இளகிய நிலம் நகர்ந்து போவதற்கு வாசல் திறந்தே கிடக்கிறது.

அளவு 6 சரியா 6.5 சரியா என்று நண்பர்கள் சிலர் என்னோடு வாதிடுவார்கள். இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். 1900-இல் வந்ததை ஒட்டிப் போகிறவர் 6 என்பார், நூறு சொச்சம் ஆண்டுப் பதிவை நம்பி உச்ச வரம்பு கட்டக்கூடாது என்பவர் அரை கூட்டுவார், நான் இரண்டாமவர் கட்சி. ஆனால் அந்த வாதத்தில் காரணி ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கியது. சித்திரைக்கும் கார்த்திகைக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது, அதைப் பற்றி எவரும் வாதிடுவதில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தில் துளையிட்ட மாதம் எது என்றுகூடப் பலர் பார்ப்பதில்லை.

நல்ல வேளையாக அந்தத் தோட்டத்து வீட்டார் இன்னும் வானம் தோண்டவில்லை. திருத்திய அறிக்கையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, முன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கட்டணம் கேட்கவில்லை, கேட்க வாயும் வரவில்லை. பாறை 7 மீட்டரிலேயே கிடைப்பது இங்கே பெரிய வசதி. ஒன்றரை மீட்டர் ஆழத்துத் தனித்தனி அடித்தளத்தை விட்டுவிட்டு, வீட்டுக்கும் மஞ்சள் கிடங்குக்கும் துளைத் தூண்கள் இறக்கிப் பாறையில் பதித்து, தலையில் உத்தரங்களால் கட்டுவதென்று முடிவாயிற்று. மணல் பக்கவாட்டில் தள்ளினால் தூணுக்கு வரும் வளைவையும் கணக்கில் எடுத்துக் கம்பி கூட்டினோம். கிடங்கை ஆற்றோரத்திலிருந்து தள்ளி வாய்க்கால் பக்கமாக வைத்ததற்குப் பெரியவர் முகம் சுளித்தார். வண்டி திரும்ப இடமில்லை என்பது அவர் குறை, அது நியாயமான குறைதான்.

துளைகளில் ஒன்றை மூடாமல், அடியில் பிளவு வெட்டி நைலான் வலை சுற்றிய பி.வி.சி. குழாய் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். அந்த வீட்டு மருமகள் ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் நூலில் ஒரு நட்டைக் கட்டி உள்ளே விட்டு, நனைந்த இடம் வரை அளந்து கைப்பேசியில் எண்ணை அனுப்பிவிடுகிறார். முதல் ஆண்டின் எண்களில் கார்த்திகைப் பிறப்புக்கு 1.6, மார்கழிப் பிறப்புக்கு 1.4, வாய்க்காலை அடைத்த பிறகு 3.9. நான் கணக்கில் வைத்த 1.5-க்கும் மேலே 10 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. இப்போது அந்தப் பக்கத்துக் கணக்குகளை 1.0 மீட்டருக்குப் போடுகிறேன்.